ஸ்பின்னர் ஒரு தடவ மாட்டிக்கிச்சுனா அப்புறம் வர்றதே இல்ல, ஏன்?

தம்பி கேட்டத நான் புரிஞ்சிக்கிட்ட மாதிரி ஒரு தடவ சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. கடை ஸ்டாக் பாக்குறதுக்கு ஜேகுவரி (jQuery, ஜாவாஸ்கிரிப்ட் எழுதுறத சுலபமாக்குற லைப்ரரி) வச்சு ஒரு பேஜ் செஞ்சிருக்கீங்க, பேஜ் ரிஃப்ரெஷ் ஆகாம பின்னாடியே சர்வர்கிட்ட டேட்டா கேக்குது, அதான் ரிக்வெஸ்ட், அந்த நேரத்துல ஒரு வட்டம், அதாவது ஸ்பின்னர், சுத்தணும். ரிக்வெஸ்ட் ஆரம்பிச்சா ஜேகுவரி கூப்பிடுற அஜாக்ஸ்ஸ்டார்ட்ல காட்டு, எல்லாம் முடிஞ்சா கூப்பிடுற அஜாக்ஸ்ஸ்டாப்ல மறைனு ரெண்டே வரி எழுதியிருக்கீங்க. பாதி நாள் ஒழுங்கா ஓடுது. திடீர்னு ஒரு நாள் வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது, கடுப்பாகி பிரௌசரோட கன்சோல்ல (கோட் தட்டிப் பாக்குற இடம்) கையால மறைச்சா அதுக்கப்புறம் எந்த பட்டன அமுக்குனாலும் வட்டம் வர்றதே இல்ல, பேஜ ரிஃப்ரெஷ் பண்ணாதான் திரும்பி உயிர் வருது. "நல்ல ஸ்பின்னர் பிளகின் ஏதாவது இருக்கா"னு கேட்டு முடிச்சிருக்கீங்க. பிளகின் மாத்துனா இது சரியாகாது தம்பி. உங்க உண்மையான கேள்வி, ஒரு வேலை முடிஞ்சதுனு ஜேகுவரிக்கு எப்படி தெரியுது, அது ஏன் சில நேரம் தெரியாமலே போயிடுதுங்கிறதுதான்.

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருக்கேன், பதினஞ்சு வருஷத்துக்கு மேல இந்த வேலைதான், பெரிய கம்பெனிக்கு இல்ல, இங்க சுத்துவட்டாரத்துல உள்ள சின்ன சின்ன ஆளுங்களுக்கு. வொர்க்ஷாப், டியூஷன் சென்டர், கோயில் பால்குடம் பதிவு, செம்பனைக் குலை (எண்ணெய் எடுக்குற பனம்பழம்) வாங்குற இடம், இப்படி. அதனால நான் சொல்றது லைன் விட்டு விட்டு வர்ற ஊர்ல அடிபட்டு கத்துக்கிட்டது. உங்க கோட நான் பாக்கல, நீங்க சொன்ன அறிகுறிய வச்சுதான் பேசுறேன், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

முதல்ல உள்ள என்ன நடக்குதுனு பாருங்க. ஜேகுவரி தனக்குள்ள ஒரு எண்ணிக்கை வச்சிருக்கு, ஜேகுவரி டாட் ஆக்டிவ்னு (jQuery.active) பேரு. ஒரு ரிக்வெஸ்ட் கிளம்புறப்போ அது 0-வானு பாத்துட்டு ஒண்ணு கூட்டிக்கும், 0-வா இருந்திருந்தா அஜாக்ஸ்ஸ்டார்ட்ட கூப்பிடும். இன்னும் ரெண்டு ரிக்வெஸ்ட் பின்னாடியே போனா எண்ணிக்கை 3 ஆகும், ஆனா ஸ்டார்ட் திரும்பி கூப்பிடாது, ஏன்னா ஏற்கனவே 0 இல்ல. ஒவ்வொண்ணா முடிய முடிய ஒண்ணொண்ணா குறைச்சுக்கிட்டு வந்து, திரும்பி 0 ஆகுறப்போதான் அஜாக்ஸ்ஸ்டாப். இது நல்ல ஏற்பாடுதான், நாமளே எழுதுனாலும் இப்படித்தான் எழுதணும், மூணு ரிக்வெஸ்ட் போறப்போ மொதல்ல முடிஞ்ச ஒண்ணு வட்டத்த அணைச்சிடக் கூடாது பாருங்க.

பிரச்சனை எங்கன்னா, அந்த ஒண்ணு குறைக்கிற வரி, உங்க சக்ஸஸ் கால்பேக் (பதில் நல்லபடியா வந்தா ஓட்டுனு நீங்க எழுதிக் குடுத்த கோட்) ஓடி முடிஞ்சதுக்கு அப்புறம்தான் வருது. உங்க சக்ஸஸுக்குள்ள ஜாவாஸ்கிரிப்ட் எரர் ஒண்ணு வெடிச்சிச்சுனா அங்கேயே நின்னுடும், கீழ இருக்குற வரிக்கு போகவே போகாது. எண்ணிக்கை குறையாது. ரிக்வெஸ்ட் தோத்தா ஓடுற எரர் கால்பேக்கும் ஓடாது, எப்படி முடிஞ்சாலும் ஓட வேண்டிய கம்ப்ளீட்டும் ஓடாது, அஜாக்ஸ்ஸ்டாப்பும் வராது. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். நீங்க கையால மறைச்சாலும் எண்ணிக்கை 1-லயே மாட்டி நிக்குது, அதனால அடுத்த ரிக்வெஸ்ட் கிளம்புறப்போ 0 இல்லனு பாத்துட்டு ஸ்டார்ட்ட கூப்பிடாம விட்டுடும். பேஜ ரிஃப்ரெஷ் பண்ணா எல்லாம் 0-ல இருந்து ஆரம்பிக்கும், உயிர் வந்துடும். நீங்க சொன்ன ரெண்டு அறிகுறியும், நிக்காம சுத்துறதும் அப்புறம் வராம போறதும், ஒரே ஓட்டையில இருந்து வருது. ஜேகுவரி இப்படித்தான் வேலை செய்யும்ங்கிறது நிச்சயம். உங்க பேஜ்ல நடந்தது இதுதானாங்கிறது என் ஊகம், ஆனா பலமான ஊகம்.

ஊகத்த சோதிக்க அரை நிமிஷம் போதும். அடுத்த தடவ வட்டம் மாட்டுறப்போ ரிஃப்ரெஷ் பண்ணிடாதீங்க, எஃப்-12 அமுக்கி கன்சோல்ல ஜேகுவரி டாட் ஆக்டிவ்னு டைப் பண்ணி என்டர் தட்டுங்க. பக்கத்துல நெட்வொர்க் டேப்ல பெண்டிங்னு (இன்னும் பதில் வராதது) ஒண்ணுமே இல்லாம இருக்க, இங்க 1-ஓ 2-ஓ வந்துச்சுனா மாட்டிக்கிச்சு. கன்சோல்லயே கொஞ்சம் மேல ஏறிப் பாத்தா சிவப்பா ஒரு எரர் கிடக்கும், அண்டிஃபைண்ட் ஆனதுல லெங்த் கேக்குறேனு ஏதாவது.

அந்த எரர் எதுக்கு ஒரு நாள் வருது, ஒரு நாள் வரலங்கிறீங்களா? எனக்கு அடிக்கடி மாட்டுனது செஷன் காலாவதி, அதாவது ரொம்ப நேரம் சும்மா இருந்தா லாகின் தானா போயிடறது. கடைக்காரர் காலையில லாகின் பண்ணிட்டு, மதியம் சாப்பிடப் போயி, ரெண்டு மணிக்கு வந்து பட்டன அமுக்குறாரு. சர்வர் இவரு லாகின் போச்சுனு லாகின் பேஜுக்கு திருப்பி விடுது. பின்னாடி போற ரிக்வெஸ்ட் அந்த திருப்பத்த சத்தமில்லாம பின்தொடர்ந்து போயி லாகின் பேஜோட எச்டிஎம்எல்ல வாங்கிட்டு, எல்லாம் சரினு அர்த்தம் வர்ற 200 ஓகேனு வந்து நிக்கும். நீங்க எதிர்பாத்தது சாமான் லிஸ்ட், வந்தது லாகின் பேஜு. டேட்டாடைப் ஜேசன்னு, அதாவது வர்ற டேட்டா இந்த வடிவத்துலதான் இருக்கணும்னு போட்டிருந்தா, படிக்க முடியல, பார்ஸ் எரர்னு எரர் பக்கமாவது போகும், போடலனா நேரா உங்க சக்ஸஸுக்குள்ள வந்து லிஸ்ட தேடி வெடிக்கும். ஒரு வேளை உங்க பிரச்சனை சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம்தான் அதிகமா வருதானு யோசிச்சு பாருங்க.

சரி பண்றது எப்படின்னா, சக்ஸஸுக்குள்ள வேலைய செய்றத விட்டுட்டு, ரிக்வெஸ்டுக்கு பின்னாடி டாட் தென்னு (.then) சேத்து அதுல செய்ங்க. ஜேகுவரி 3-ல இருந்து, அதாவது 2016-ல இருந்து, தென்னுக்குள்ள வெடிக்கிறத அது பிடிச்சுக்கும், எண்ணிக்கை ஒழுங்கா குறைஞ்சிடும். அதுக்கு முந்தின வெர்ஷனா இருந்தா வெடிக்கிற எரர பிடிக்கிற டிரை கேட்ச் போட்டு மூடுங்க. டேட்டாடைப்ப கண்டிப்பா சொல்லிடுங்க. லாகின் போயிருந்தா பின்னாடி வர்ற ரிக்வெஸ்டுக்கு மட்டும் சர்வர் திருப்பி விடாம 401 (லாகின் இல்லங்கிற பதில்) அனுப்புற மாதிரி செஞ்சிடுங்க, அது வந்தா "திரும்பி லாகின் பண்ணுங்க"னு காட்டிடலாம்.

வட்டம் ஒரு தடவ கூட வந்ததே இல்லங்கிற ஆளுங்களும் இத படிப்பீங்க, உங்களுக்கு வேற காரணம். பழைய டியூட்டோரியல்ல லோடிங் டிவ் (வட்டம் இருக்குற பெட்டி) மேலயே அஜாக்ஸ்ஸ்டார்ட்ட கட்டியிருப்பாங்க, 2013-ல வந்த ஜேகுவரி 1.9-ல இருந்து அத டாக்குமென்ட்லதான் கட்டணும், வேற எங்க கட்டுனாலும் கண்டுக்காது. அதே மாதிரி அந்த ரிக்வெஸ்ட்ல குளோபல் ஃபால்ஸ்னு இருந்தாலும் கூப்பிடாது. ரிக்வெஸ்ட் அனுப்புற வேற வழிங்களான ஃபெட்ச்லயோ ஆக்ஸியோஸ்லயோ அனுப்புனா ஜேகுவரிக்கு அது தெரியவே தெரியாது, அடுத்த வீட்டு சமையல் மாதிரி.

இன்னொன்னு அசிங்க் ஃபால்ஸ், அதாவது பதில் வர்ற வரைக்கும் வேற எதுவும் செய்யாம நில்லுனு சொல்றது. இது போட்டா வட்டம் வராது, எப்படி தலைகீழா நின்னாலும் வராது. ஒட்டுக்கடையில தே தாரிக் இழுக்குறவரே காசும் வாங்குறாருனு வச்சுக்கோங்க, ஒரே ஆளு. பிரௌசர்ல உங்க ஸ்கிரிப்ட ஓட்டுறதும் திரைய வரையிறதும் அந்த மாதிரி ஒரே ஆளுதான். வட்டத்த காட்டுனு நீங்க சொன்னத அவரு காதுல வாங்கிக்கிட்டாரு, ஆனா கை காலியானாதான் வரைவாரு. அதுக்குள்ள அசிங்க் ஃபால்ஸ்னு அவரை சர்வர் வாசல்ல நிக்க வச்சிட்டீங்க, பதில் வந்த கையோட மறைனும் சொல்லிட்டீங்க. அவருக்கு கை காலியாகுறப்போ வரையிறதுக்கு ஒண்ணுமே இல்ல. காட்டியாச்சு மறைச்சாச்சு, பாத்தவன் யாருமில்ல. அதை எடுத்துடுங்க, வேற வழி இல்ல.

ஆமா, இதெல்லாம் நாம ஏன் கட்டி அழணும்னு கேட்டா, பழைய மாதிரி முழு பேஜும் மாறுனா பிரௌசரே டேப்ல வட்டம் சுத்தி காட்டிடும். 1999-ல இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-ல பேஜ் மாறாம பின்னாடி டேட்டா கேக்குற வசதி வந்துச்சு, 2005-ல அதுக்கு அஜாக்ஸ்னு பேரு விழுந்து ஊரெல்லாம் பரவுச்சு. அந்த ரிக்வெஸ்டுக்கு பிரௌசர் வெளிய எதுவும் காட்டாது. ஆளு பட்டன அமுக்குறான், எதுவும் நகரல, திரும்பி அமுக்குறான்.

திரும்பி அமுக்குனா என்ன ஆகும்னு நான் கத்துக்கிட்ட கதை ஒண்ணு சொல்றேன். ஒரு சின்ன குலை வாங்குற சென்டருக்கு பேஜ் செஞ்சு குடுத்தேன், லோரி எடை மேல ஏறும், கிராணி (கணக்கு எழுதுறவரு) நம்பர் பிளேட்டும் எடையும் தட்டி சேவ் பண்ணுவாரு, டிக்கெட் பிரிண்ட் ஆகும். சேவ் பண்றப்போ திரை முழுக்க கறுப்பா ஒரு மூடி, நடுவுல பெரிய வட்டம், "சிலா துங்கு"னு (மலாய்ல, தயவுசெஞ்சு பொறுங்க) எழுத்து. மவுஸால எதையும் தொட முடியாது, பலே வேலை செஞ்சிட்டோம்னு நினைச்சேன். ஒரு மாசம் கழிச்சு மொதலாளி கூப்பிட்டாரு, ஒரே லோரிக்கு ரெண்டு டிக்கெட், ரெண்டுக்கும் காசு குடுத்தாச்சு, ஆயிரத்து சொச்சம் வெள்ளி (ரிங்கிட்). நான் போயி கிராணி பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்தேன். நாலு மணி, நல்ல மழை, லைன் இழுத்துக்கிட்டு இருக்கு, வெளிய லோரி ஹாரன் அடிக்குது. மனுஷன் மவுஸ தொடவே இல்ல, எடைய தட்டிட்டு என்டர், மூடி வந்து வட்டம் சுத்துது, இவரு கண்ணு ஜன்னல் வழியா லோரி மேல, விரலு இன்னொரு தடவ என்டர். அவ்வளவுதான். மூடி மவுஸத்தான் தடுக்குது, கீபோர்ட தடுக்கல, ஃபோக்கஸ் இன்னும் அந்த எடை தட்டுற கட்டத்துலயே உக்காந்திருக்கு. அவரு மேல தப்பே இல்ல, நான் அவரு எப்படி வேலை செய்றாருனு பாக்காம எழுதிட்டேன்.

அதுல இருந்து நான் விடாம செய்றது ரெண்டு. பட்டனையே டிசேபிள் பண்ணிடறது, வட்டத்த அந்த பட்டனுக்குள்ளயோ பக்கத்துலயோ சின்னதா காட்டுறது, கண்ணு அங்கதான இருக்கு. ஃபார்மோட சப்மிட்லயும் ஏற்கனவே போயிக்கிட்டு இருக்கானு பாத்து தடுத்துடறது. ரெண்டாவது, இத நம்பி மட்டும் இருக்காம, ஃபார்ம் திறக்குறப்பவே ஒரு தனி எண் போட்டு அதையும் சேர்த்து அனுப்புறது, சர்வர் டேட்டாபேஸ்ல அந்த எண் ஒரு தடவைக்கு மேல பதிவாக முடியாத மாதிரி (யூனிக்) வைக்கிறது. அதே எண் ரெண்டாவது தடவ வந்தா புது டிக்கெட் போடாம பழைய டிக்கெட்டையே திருப்பிக் குடுத்துடும். திரையில காட்டுறது மனுஷனுக்கு மரியாதை, காச காப்பாத்துறது சர்வரோட வேலை, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

டைமவுட்டும் இதோட சேர்ந்ததுதான். ஜேகுவரியில நீங்களா சொல்லலனா டைமவுட்டே கிடையாது, ஃபெட்ச்லயும் நீங்கதான் அபார்ட் சிக்னல் (போதும் நிறுத்துனு சொல்றது) குடுக்கணும். இங்க தோட்டத்துக்கு உள்ள போனா செம்பனை மரத்துக்கு நடுவுல சிக்னல் ஒரு கோடு இருக்கும், இல்லாமலும் போகும், 2021 கடைசியில 3ஜி-யையும் மூடிட்டாங்க, 4ஜி எட்டலனா அவ்வளவுதான். அந்த இடத்துல வட்டம் நிமிஷக்கணக்கா சுத்தும். நான் படிக்கிற ரிக்வெஸ்டுக்கு 15 செகண்ட், சேவ் பண்றதுக்கு 30 செகண்ட்னு வைப்பேன், இது என் பழக்கம், சட்டம் இல்ல. ஆனா டைமவுட் ஆச்சுங்கிறதுக்கு சர்வர்ல சேவ் ஆகலனு அர்த்தம் இல்ல. போய் சேந்திருக்கும், பதில்தான் வழியில தொலைஞ்சிருக்கும். அதனால "தோல்வி"னு எழுதாதீங்க, "பதில் வரல, பதிவாச்சானு பாக்குறேன்"னு எழுதி, அந்த தனி எண்ண வச்சு சர்வர்கிட்ட கேட்டுடுங்க.

ஃபெட்ச்சுக்கு மாறலாம்னு இருந்தா ஒரு எச்சரிக்கை. 404 (பேஜ் இல்ல), 500 (சர்வர்ல கோளாறு) வந்தாலும் ஃபெட்ச் அத தோல்வியா எடுத்துக்காது, லைன் அறுந்த மாதிரி பதிலே கைக்கு வராம போனாதான் கேட்சுக்கு போகும், அதனால ரெஸ்பான்ஸ்ல ஓகே இருக்கானு நீங்களே பாக்கணும். வட்டத்த மறைக்கிற வரிய ஃபைனலிக்குள்ள வைங்க, ஜெயிச்சாலும் தோத்தாலும் நடுவுல வெடிச்சாலும் அங்க வந்துதான் போகும். தென்லயும் ஒரு தடவ கேட்ச்லயும் ஒரு தடவ மறைக்கிற வரிய எழுதி வச்சிருக்குறத பாத்தா எனக்கு கை அரிக்கும், மூணாவது வழி ஒண்ணு கண்டிப்பா மறந்து போயிருக்கும்.

எப்ப காட்டணும்ங்கிறதுக்கு வர்றேன். 1968-ல ராபர்ட் மில்லர் எழுதுனதுல இருந்து 1993-ல யாக்கோப் நீல்சன் சொன்னது வரைக்கும் கணக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான்: 0.1 செகண்டுக்குள்ள பதில் வந்தா உடனே நடந்த மாதிரி இருக்கும், 1 செகண்ட் வரைக்கும் யோசனை அறுபடாது, 10 செகண்ட் தாண்டுனா ஆளு வேற வேலைக்கு போயிடுவாரு. அதனால ரிக்வெஸ்ட் போன உடனே வட்டத்த காட்டாம செட்டைமவுட்ல ஒரு 300 மில்லிசெகண்ட் பொறுத்து காட்டுவேன், அதுக்குள்ள பதில் வந்துட்டா அந்த டைமர கேன்சல் பண்ணிடுவேன். இல்லனா வேகமான லைன்ல வட்டம் கண்ணடிச்சிட்டு போகும், ஏதோ தப்பு நடந்த மாதிரி ஒரு எரிச்சல். 300-ஆ 200-ஆ 500-ஆங்கிறது சண்டை போடுற விஷயம் இல்ல, உங்க ஆளுங்கள உக்கார வச்சு பாருங்க. ஆனா பட்டன டிசேபிள் பண்றத மட்டும் பொறுக்காம அமுக்கின அந்த நொடியே செஞ்சிடணும்.

வட்டம் எப்படி இருக்கணும்ங்கிறது கடைசி கவலை. ஜிஃப் படம் வேணாம், முதல் தடவ அந்த ஜிஃப்பே டவுன்லோட் ஆகணும், ஸ்லோ லைன்ல டேட்டா வந்து சேந்த பிறகு வட்டம் வந்து நிக்கும், கல்யாணம் முடிஞ்சு மேளக்காரன் வந்த கதை. சிஎஸ்எஸ்ல ஒரு டிவ்வ உருண்டையாக்கி, பார்டர்ல ஒரு பக்கத்துக்கு மட்டும் வேற கலர் குடுத்து, டிரான்ஸ்ஃபார்ம் ரொட்டேட்ல சுத்த விடுங்க, பத்து வரிக்குள்ள முடிஞ்சிடும். பக்கத்துல எழுத்தும் இருக்கட்டும், "பதிவு பண்றோம்"னு. அந்த எழுத்து இருக்குற இடத்துக்கு ரோல் ஸ்டேட்டஸ்னு குடுத்தா ஸ்கிரீன் ரீடர் (திரைய வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர்) வச்சிருக்குறவங்களுக்கும் சொல்லும், அந்த டிவ் பேஜ்ல முன்னாடியே காலியா இருக்கணும், எழுத்து மட்டும் பிறகு உள்ள வரணும். அசைவு ஒத்துக்காதவங்க சிஸ்டத்துல அத குறைச்சு வச்சிருப்பாங்க, சிஎஸ்எஸ்ல அதுக்கு மீடியா குவெரி இருக்கு, அவங்களுக்கு எழுத்து மட்டும் போதும்.

லோரி படம் ஏத்துற மாதிரி பெரிய அப்லோடா இருந்தா வட்டம் பத்தாது, எத்தனை சதவீதம் போச்சுனு காட்டணும். அதுக்கு எக்ஸ்எம்எல்எச்டிடிபி ரிக்வெஸ்ட்ல அப்லோட் புரோகிரஸ்னு ஈவென்ட் இருக்கு, பழசுனு ஒதுக்காதீங்க, இந்த விஷயத்துல ஃபெட்ச்ச விட அதுதான் சுலபம். 100 வந்த பிறகும் சர்வர் படத்த சுருக்கிக்கிட்டு இருக்கும், அந்த இடைவெளியில எழுத்த "முடிக்கிறோம்"னு மாத்திடுங்க. கணக்கே தெரியாம சும்மா நகர்ற போலி பார் எனக்கு பிடிக்காது, 90-ல போயி அஞ்சு நிமிஷம் நிக்கிறத பாத்தவன் அப்புறம் எந்த பாரையும் நம்ப மாட்டான். சில நல்ல டிசைனருங்க இதுல என்கூட ஒத்துப்போக மாட்டாங்க, அவங்க காரணமும் பொய் இல்ல, எதோ நகருதுனா மனசு பொறுக்கும்பாங்க.

டெஸ்ட் பண்றப்போ ஆபீஸ் வைஃபைல பாத்துட்டு முடிச்சிடாதீங்க. சர்வர் கோட்ல மூணு செகண்ட் தூங்க விடுங்க, ஒரு தடவ 500 அனுப்ப வைங்க, ஒரு தடவ லாகின் குக்கிய அழிச்சிட்டு பட்டன அமுக்குங்க, ஒரு தடவ பாதியில வைஃபைய ஆஃப் பண்ணுங்க. டெவ்டூல்ஸ்ல ஸ்லோ நெட்வொர்க் இருக்கு, ஆனா அது ஒரே சீரா ஸ்லோ பண்ணும், விட்டு விட்டு வர்ற லைன் மாதிரி இருக்காது. நான் போன எடுத்துக்கிட்டு மோட்டர்ல தோட்டத்துக்குள்ள ஒரு சுத்து போயிட்டு வருவேன், போற வழியில வடையும் கிடைக்கும்.

முதல்ல அந்த ஆக்டிவ் நம்பர பாத்துட்டு இங்கேயே வந்து சொல்லுங்க தம்பி. வட்டம் மாட்டியிருக்குறப்போ அது 0-னு காட்டுச்சுனா என் ஊகம் தப்பு, அப்ப உங்க மறைக்கிற வரி ஓடியும் வேற எதோ வட்டத்த திரும்பி காட்டுதுனு அர்த்தம், அந்த டிவ்வ தொடுற வரி எல்லாத்தையும் தேடி எடுத்து போடுங்க, பாப்போம். 0 இல்லனா அதுக்கு மேல இருக்குற சிவப்பு எரர அப்படியே காப்பி பண்ணி போடுங்க.